திருகோணமலையிலிருந்து வெளிமாகாணக் கம்பஸுக்கு பைக் கொண்டுபோவது: பதிவு, லைசன்ஸ், கடதாசி வேலைகள்

பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம் என்று இடம் கிடைத்ததும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: ஈ.பி. (கிழக்கு மாகாண) நம்பர் பைக்கை அங்கே ஓடலாமா, இல்லை நம்பரை மாற்ற வேண்டுமா?

மாற்றத் தேவையில்லை. படிக்கப் போகிறவரின் நிரந்தர விலாசம் திருகோணமலைதான். பைக்கின் சொந்தக்காரரும் இங்கேதான் இருக்கிறார். விடுதியிலோ போர்டிங்கிலோ நான்கு வருடம் தங்குவதால் பதிவு மாறாது. சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படித்தான், இலங்கை முழுவதுக்கும் ஒன்றே. நம்பர் தகட்டிலிருந்த மாகாண எழுத்து, வாகனம் எந்த மாகாணத்தில் வருடாந்த வரி கட்டுகிறது என்பதைக் காட்டியதே தவிர, எங்கே ஓடலாம் என்பதற்கு எல்லை போடவில்லை. 2023இலிருந்து புதிதாகப் பதிவாகும் வாகனங்களின் தகட்டில் அந்த எழுத்தே கிடையாது.

வந்தாறுமூலை, ஒலுவில் போகிறவர்களுக்கு மாகாணமே மாறவில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதி அவர்களுக்கு இல்லை.

அப்படியென்றால் சிக்கல் எங்கே வருகிறது? இரண்டு இடத்தில். பைக் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. பத்திரங்கள் எந்தத் திகதியில், பைக் எந்த ஊரில் நிற்கும்போது முடிகின்றன என்பது மற்றது. சோதனைச் சாவடியில் மாட்டுகிற மாணவர்களில் பெரும்பாலானோர் நம்பருக்காக மாட்டுவதில்லை, திகதிக்காக மாட்டுகிறார்கள்.

முதலில் பெயரைப் பாருங்கள்

பதிவுச் சான்றிதழை, அதாவது சீஆரை, எடுத்து மேசையில் விரியுங்கள். பதிவு செய்யப்பட்ட சொந்தக்காரரின் பெயர், செசி நம்பர், எஞ்சின் நம்பர் மூன்றையும் பைக்கோடு ஒப்பிடுங்கள். நம்பர் அடித்த இடம் துருப்பிடித்து மூடியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். உப்புக்காற்று ஊரில் இது சாதாரணம்.

அப்பா, அம்மா, அண்ணன் பெயரில் இருந்தால் அப்படியே விடலாம். படிக்கப் போகிறவரின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மாற்றாமல் விடுவதே வசதி என்றுகூடச் சொல்லலாம். சொந்தக்காரர் திருகோணமலையில் இருந்தால் இங்கத்தைய வேலைகளை அவரே முடித்துவிடுவார். "இந்தப் பைக்கை என் மகன் பாவிக்கிறார்" என்று சொந்தக்காரர் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு கடிதமும், அவருடைய அடையாள அட்டையின் போட்டோக் கொப்பியும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். லைசன்ஸ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் (வாகனத்தின் வருடாந்த வரி கட்டியதற்கான பத்திரம்) என்ற வரிசையில் இந்தக் கடிதம் சேராது. ஆனால் தெரியாத ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மறிக்கப்படும்போது அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

லீசிங்கில் எடுத்த பைக் என்றால் சீஆர் கம்பனியில் இருக்கும், அதில் கம்பனியின் பெயர் முழு உரித்தாளராகப் பதிந்திருக்கும். கம்பனியிடம் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கேட்ட அன்றே தருவார்கள் என்று நம்பி, பயணத்துக்கு முதல் நாள் போய் நிற்க வேண்டாம்.

பைக் காலமானவரின் பெயரில் இருந்தால், அல்லது "ஓப்பின் பேப்பரில்", அதாவது திகதி போடாமல் கையொப்பமிட்ட மாற்றப் படிவத்தோடு, யாரிடமோ வாங்கி இன்னும் மாற்றாமல் இருந்தால், அதை வெளியூர் கொண்டுபோக வேண்டாம். இங்கே ஓடும்வரை யாரும் கேட்காமல் இருக்கலாம். வெளியூரில் ஒரு சின்ன விபத்து நடந்தால் போதும், பொலிஸும் காப்புறுதிக் கம்பனியும் முதலில் தேடுவது சொந்தக்காரரைத்தான். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு எடுங்கள். மரணச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதம் என்று இழுபடும் வேலை இது. கம்பஸ் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் முதலாம் வருடம் முடியும்போதுதான் கைக்கு வரும்.

மூன்று பத்திரங்களும் அவற்றின் வரிசையும்

வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியவை மூன்று: காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம். சனங்கள் சொல்வதுபோல இன்சூரன்ஸ், எமிஷன், ரெவனியூ லைசன்ஸ். முதல் இரண்டும் கையில் இல்லாமல் மூன்றாவது கிடைக்காது. எனவே வரிசை மாறக்கூடாது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. புகைப் பரிசோதனைக்குப் பைக் நேரில் நிற்க வேண்டும். ரெவனியூ லைசன்ஸுக்குப் பைக் போகத் தேவையில்லை, கடதாசி போனால் போதும். ஆனால் அந்தக் கடதாசி பைக் பதிவான மாகாணத்தைத் தேடிப் போக வேண்டும். பைக் கண்டியில், கடதாசி கிழக்கில் என்று இரண்டும் பிரிந்து கிடக்கும்போதுதான் திகதி தவறுகிறது.

இதை இப்படி அவிழ்க்கலாம்:

1. நடப்பு ரெவனியூ லைசன்ஸின் முடிவுத் திகதியைப் பாருங்கள். அதற்கு ஆறு வாரம் முன்னதாக, படிக்கிறவரின் தொலைபேசியிலும் வீட்டில் ஒருவரின் தொலைபேசியிலும் நினைவூட்டல் வையுங்கள். ஒருவரிடம் மட்டும் வைத்தால் பரீட்சைக் காலத்தில் மறந்துபோகும்.

2. காப்புறுதி அதே காலத்தில் முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறதென்றால் அதை முதலில் புதுப்பியுங்கள். எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். அட்டையில் அச்சான நம்பர், செசி நம்பர் இரண்டையும் சீஆரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். காப்புறுதி விபரத்தை இணையவழியில் சரிபார்க்கும்போது ஓர் இலக்கம் பிசகினாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிழை கம்பனியின் பதிவில் இருப்பதால் பிரதேச செயலகத்தில் கெஞ்சிப் பயனில்லை, கம்பனிதான் திருத்த வேண்டும்.

3. பைக் நிற்கும் ஊரிலேயே புகைப் பரிசோதனை செய்யுங்கள். கிளீன்கோ, லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ ஆகிய இரண்டு நிறுவனங்களே நாடு முழுவதும் இதைச் செய்கின்றன. கண்டியில் எடுத்த சான்றிதழ் திருகோணமலையிலும் செல்லும்.

4. சான்றிதழை வீட்டுக்கு அனுப்புங்கள். மூலப் பிரதி பதிவுத் தபாலில் போகட்டும். படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டார் விபரத்தை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளலாம்.

5. வீட்டில் ஒருவர் பழைய ரெவனியூ லைசன்ஸ், காப்புறுதி, புகைச் சான்றிதழ், சீஆர் பிரதி ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், கந்தளாய் ஆட்களுக்கு அவரவர் செயலகம். காலையில் போவது நல்லது. மதியத்துக்குப் பிறகு காசாளர் கவுண்டரை மூடிவிட்டால் இன்னொரு நாள் போகும்.

6. புதிய பத்திரம் கைக்கு வந்ததும் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மூலத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

வங்கி அட்டையும் இணைய வசதியும் உள்ளவர்கள் அரசின் இணையத் தளத்தில் பணம் செலுத்தி இந்த அலைச்சலைக் குறைக்கலாம். பைக் பதிவான மாகாணத்தைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். மூலப்பத்திரம் தபாலில் வருவதாக இருந்தால் எந்த விலாசத்துக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். விடுதி விலாசம் கொடுத்துவிட்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், பத்திரம் காவலாளி அறையில் கிடக்கும். இது சரிவராவிட்டால் மேலே சொன்ன கவுண்டர் வழி இருக்கிறது. ஆனால் கண்டியிலோ கொழும்பிலோ உள்ள கவுண்டரில் ஈ.பி. பைக்குக்குக் கேட்டு வாங்கலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1919க்கு, அரச தகவல் நிலையத்துக்கு, எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

திகதி தவறினால் தாமதக் கட்டணம் சேரும். அதைவிட மோசம், அந்த இடைவெளியில் ஓடி மறிபடுவது. காப்புறுதியே இல்லாமல் ஓடினால் நிலைமை வேறு: குறைந்தபட்சத் தண்டமே 25,000 ரூபா. வழக்கு அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போகும், விரிவுரையை விட்டுவிட்டு நீங்களும் அங்கே போக வேண்டும்.

புகைப் பரிசோதனையில் ஏன் தவறுகிறது

பரிசோதகர் சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகி, எரியாத ஹைட்ரோகார்பனையும் காபன்மொனொக்சைட்டையும் அளக்கிறார். இரண்டும் கூடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மலிவானவை.

காற்று வடிகட்டி அடைத்திருந்தால் எஞ்சினுக்குக் காற்று போதாமல் பெற்றோல் முழுதாக எரியாது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணலிலும் தூசியிலும் ஓடும் பைக்குகளுக்கு இதுவே முதல் காரணம். காபரேட்டரில் பெற்றோல் கலவை கூடுதலாக வைக்கப்பட்டிருந்தாலும், சோக் முழுதாகத் திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே விளைவுதான். ஸ்பார்க் பிளக் கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து அளவீடே பிழைத்துவிடும். கடற்கரையோரம் நிற்கும் பைக்குகளில் அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும், அடியில் சல்லடையாக இருக்கும். வெல்டிங் பிடித்துக்கொண்டு போங்கள்.

நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ரிங், வால்வ் சீல் பக்கம் கை வைக்க வேண்டிய வேலை அது, டியூனிங்கில் தீராது. அந்த நிலையிலுள்ள பைக்கைத் திருகோணமலையிலேயே உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து முடித்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

பரிசோதனைக்கு எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு நேரே உள்ளே போங்கள். வரிசையில் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் ஒரு சுற்று ஓடிவிட்டு வாருங்கள்.

லைசன்ஸ்: இருக்கிறவர்களும் இல்லாதவர்களும்

கையில் இருக்கிறவர்கள் அட்டையின் வகுப்பைப் பாருங்கள். ஏ1 என்பது 100 சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு. அதற்கு மேல் ஏ வேண்டும். ஸ்கூட்டி சின்னதுதானே என்று நினைக்கிறார்கள். பல ஸ்கூட்டிகள் 110, 125 சிசி. அவற்றுக்கு ஏ1 மட்டும் போதாது. கார் என்றால் பி. வகுப்பு தவறினால் லைசன்ஸ் இல்லாததற்குச் சமம், விபத்தில் காப்புறுதியும் கைவிரிக்கும்.

பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையை வைத்து எடுத்த லைசன்ஸும், புதிய பன்னிரண்டு இலக்க அடையாள அட்டையும் வைத்திருப்பவர்கள் இரண்டின் பிரதியையும் சேர்த்துக் கொண்டுபோனால் விளக்கம் சொல்ல இலகு.

இல்லாதவர்களுக்கு ஒரே ஆலோசனை: உயர்தரப் பரீட்சை முடிந்த அடுத்த மாதமே தொடங்குங்கள். கம்பஸ் திறக்கும்வரை கிடைக்கும் நீண்ட இடைவெளி இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுங்கள். அது ஆறு மாதமே செல்லுபடியாகும் என்பதால் எடுத்துவிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே போங்கள். பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையோடு மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம். 40 கேள்விகள் கொண்ட எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். சித்தியடைந்தால் பயிலுநர் பத்திரம், பேச்சில் லேர்னர்ஸ், 18 மாதத்துக்குக் கிடைக்கும். செயல்முறைப் பரீட்சைக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

அந்த மூன்று மாதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்துப் பரீட்சையைத் திருகோணமலையில் எழுதிவிட்டுக் கம்பஸுக்குப் போய்விடுகிறார்கள். செயல்முறைத் திகதி விரிவுரை நாளில் விழுகிறது. ஒரு முறை தவறவிட்டால் அடுத்தது, அடுத்தது என்று 18 மாதமும் ஓடிவிடும், மருத்துவச் சான்றிதழிலிருந்து எல்லாம் புதிதாக. திறக்கும் திகதி நெருங்கிவிட்டது என்றால் இங்கே தொடங்காமல், படிக்கப் போகும் மாவட்டத்திலேயே சாரதிப் பயிற்சிப் பாடசாலை ஒன்றில் சேர்ந்து அங்கே விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

கொண்டுபோகும் வழி

ரயிலில் அனுப்பலாம். புகையிரத நிலையப் பொதிப் பிரிவில் முந்திய நாளே விசாரியுங்கள். பெற்றோலை முழுதாக வடித்துவிட்டே ஏற்றுவார்கள். சீஆர் பிரதி, அடையாள அட்டைப் பிரதி கையில் இருக்கட்டும். கண்ணாடிகளைக் கழற்றி, சைலன்சரையும் ஹாண்டிலையும் சாக்கால் சுற்றிக் கட்டுங்கள்.

ஓடியே போகிறவர்கள் கண்டிக்கு ஏ6 வழியே கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, அங்கிருந்து ஏ9இல் மாத்தளை. யாழ்ப்பாணத்துக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா, பிறகு ஏ9. எந்த வழியானாலும் காலையில் வெளிக்கிடுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலே பின்னேரமானால் யானை றோட்டுக்கு வரும். வளைவில் ஹெட்லைட் வெளிச்சம் போய்ச் சேரும்போது நிறுத்த இடம் இருக்காது. ஊர்ப்பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியில் 70. வெறிச்சோடிய நேர் றோட்டு முடிந்து ஒரு சின்னச் சந்தி வரும் இடத்தில்தான் வேகமானியோடு பொலிஸார் நிற்பார்கள்.

தண்டச் சீட்டு கிடைத்தால்

இது வெளிமாகாண மாணவருக்கே உரிய தலையிடி. லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டைத் தருவார்கள். அந்தச் சீட்டே 14 நாளுக்குத் தற்காலிக லைசன்ஸ். தபாலகத்தில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி, சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்திலேயே அட்டையைத் திரும்பப் பெற வேண்டும். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம்.

ஹபரணையில் பிடிபட்டு, பேராதனையில் தண்டம் கட்டி, மறுபடியும் ஹபரணைக்கு பஸ் ஏறுவதைப் பாருங்கள்: தண்டத்தைவிடப் பயணச் செலவு கூடும். ஆகவே சீட்டு கிடைத்த இடத்திலேயே அருகிலுள்ள தபாலகத்தைக் கேட்டு, அன்றே கட்டி, அன்றே அட்டையை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். இரண்டு மணி நேரம் பிந்தினாலும் பரவாயில்லை. 2025இலிருந்து கோவ்பே (அரசின் இணையவழிக் கட்டண முறை) வழியாகத் தொலைபேசியிலேயே தண்டம் கட்டும் முறை கட்டம் கட்டமாக வந்துகொண்டிருக்கிறது. மறித்த அதிகாரியிடம் அந்த வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இருந்தால் அட்டை கைவிட்டுப் போகாது.

சீட்டு சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கலாம். என்ன குற்றம், எவ்வளவு, எந்த நிலையம் என்று கேட்டுத் தமிழில் சீட்டின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

பைக்கை வீட்டில் விட்டுப் போகிறவர்கள்

யாரும் ஓடாமல் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கப்போகிறதென்றால், ரெவனியூ லைசன்ஸ் முடியுமுன்னரே பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவியுங்கள். சும்மா விட்டால் நிலுவை ஏறும், பிறகு எடுக்கும்போது மொத்தமாகக் கேட்பார்கள். அறிவித்த பிறகு கடைக்குப் போக என்றும் அதை எடுக்கக்கூடாது.

அங்கேயே பழைய பைக் வாங்கினால்

நான்கு வருடத்துக்கு என்று அங்கேயே வாங்கி, முடிந்ததும் விற்பது பலர் செய்வது. சி.பி. (மத்திய மாகாண) பைக் என்றால் ரெவனியூ வேலைகள் கண்டியிலேயே முடியும், கடதாசி திருகோணமலைக்கு அலைய வேண்டாம். ஆனால் போகிற சீனியரிடமிருந்து மூன்றாம் கையாக வரும் பைக்கில், சீஆரில் இருக்கும் பெயர் அவருடையதாக இருப்பது அரிது. பதிவுப் பெயர்க்காரர் கையொப்பமிடாத வரை பணம் கொடுக்காதீர்கள்.

மாற்றத்துக்கு எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற இரண்டு படிவங்கள். 6 வாங்குகிறவருக்கானது. 8 விற்கிறவர் திணைக்களத்துக்கு அறிவிப்பது. இரண்டிலும் திகதி எழுதப்பட்டிருக்க வேண்டும். திகதியில்லாக் கையொப்பம்தான் ஓப்பின் பேப்பர். கையில் வந்தால் 14 நாளுக்குள் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். முடித்துவிட்டு விற்கும்போது நீங்கள் மறுபக்கத்தில் நிற்பீர்கள்: எம்.டி.ஏ. 8ஐ வாங்குகிறவரின் கையில் கொடுத்து "நீங்களே போட்டுவிடுங்கள்" என்று சொல்லாமல், நீங்களே பதிவுத் தபாலில் போட்டு, அந்தப் பற்றுச்சீட்டை அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்து வைத்திருங்கள். அவர் பெயருக்கு மாறும்வரை அந்தப் பைக் எங்கே போய் மோதினாலும் தேடி வருவது உங்கள் விலாசத்தைத்தான்.